கண்ணைப் பார்க்கும் செல்போன்: பார்த்தால் மட்டும் போதுமா?

"எப்பப் பார்த்தாலும் போனையே பார்த்துக்கிட்டு இருக்காதே, கண்ணு கெட்டுப் போயிடும்!"

இந்த வசனம் கேட்காத வீடு இன்று இருக்கவே முடியாது. ஆனால் வேடிக்கை என்னவென்றால், கண்ணைக் கெடுக்கும் என்று திட்டு வாங்கும் அதே போன்தான் உலகின் பல மூலைகளில் கண் பரிசோதனை செய்யும் கருவியாகவும் இருக்கிறது. பார்வையை அளக்கிறது, விழித்திரையைப் படம் பிடிக்கிறது, லட்சக்கணக்கானோரை வைத்து மருத்துவ ஆராய்ச்சியும் நடத்துகிறது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. கண்ணில் கோளாறு இருக்கிறது என்று போன் சொல்லிவிட்டால், அந்தக் கண்ணுக்குப் பார்வை வந்துவிடுமா?

முதலில் பிரச்சனையின் அளவைப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கையின்படி, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது. அதில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறைபாடு தடுத்திருக்கக் கூடியது, அல்லது இன்னும் சரி செய்யப்படாமல் கிடப்பது. இவர்களில் பெரும்பாலோருக்குத் தேவை ஒரு கண்ணாடியோ, ஒரு கண்புரை ஆபரேஷனோதான். புதிதாக எந்த மருந்தும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை! ஆள் இருக்கிற இடத்துக்கு வைத்தியம் போகவில்லை, வைத்தியம் இருக்கிற இடத்துக்கு ஆள் வரவில்லை. அவ்வளவுதான் சிக்கல்.

கென்யாவில் பிறந்த யோசனை

ஆண்ட்ரூ பஸ்டாவ்ரஸ் என்ற பிரிட்டிஷ் கண் மருத்துவர், கென்யாவின் நகுரு பகுதியில் கண் நோய்கள் பற்றிய ஓர் ஆய்வுக்காகப் போனார். ஆஸ்பத்திரியில் இருக்கும் விலை உயர்ந்த கருவிகளை எல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. பல ஊர்களில் ஒழுங்கான சாலை இல்லை, கரண்ட் இல்லை. ஆனால் செல்போன் சிக்னல் மட்டும் இருந்தது! அங்கிருந்துதான் 'பீக்' என்ற முயற்சி வளர்ந்தது.

அதன் பார்வை அளக்கும் செயலி மிக எளிமையானது. திரையில் ஆங்கில 'ஈ' எழுத்து ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பக்கம் திரும்பித் தெரியும். 2 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் அந்த எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை. போனைப் பிடித்திருப்பவர் அவர் காட்டிய திசையில் திரையைத் தேய்க்கிறார். சரியா தவறா என்பதைச் செயலியே கணக்கிடுகிறது. இது வழக்கமான அட்டையோடு ஒப்பிடும் அளவுக்கு நம்பகமானது என்ற ஆய்வு முடிவு 2015-ல் வெளிவந்தது.

இதுவரை தொழில்நுட்பத்தின் வெற்றி. ஆனால் உண்மையான பாடம் அடுத்த ஆய்வில்தான் இருக்கிறது.

கென்யாவில் 50 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆசிரியர்களை வைத்தே பார்வை சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் வழக்கமான அட்டையும், ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லும் சீட்டும். மறு பாதியில் போன். அதோடு, தங்கள் பிள்ளைக்கு உலகம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் ஒரு படமும், நினைவூட்டும் எஸ்.எம்.எஸ்.களும். 2018-ல் வெளிவந்த முடிவு இது: குறைபாடு கண்டறியப்பட்ட பிள்ளைகளில், வழக்கமான முறையில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் 22 சதவீதம். போன் முறையில் 54 சதவீதம்.

இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்தது எது? பார்வையை அளப்பதில் அட்டையும் போனும் கிட்டத்தட்ட ஒரே வேலையைத்தான் செய்தன. மங்கலான படத்தைப் பார்த்து அதிர்ந்த பெற்றோரும், "மறந்துவிடாதீர்கள்" என்று வந்த செய்தியும்தான் கூடுதல். அதாவது, போனின் மிகப் பழைய வேலையான சேதி சொல்வதுதான் பலன் கொடுத்திருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்த நல்ல முறையிலும் 46 சதவீதப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை!

சென்னையும் தாய்லாந்தும்

நம் ஊருக்கு வருவோம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடிப் பேர். சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் மங்காது. தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். அதனால் வருடா வருடம் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். அத்தனை பேரையும் பார்க்கக் கண் டாக்டர்கள் ஏது?

சென்னையில் டாக்டர் மோகன் சர்க்கரை நோய் மையத்தில் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. பெங்களூரின் ரெமிடியோ நிறுவனம் செய்த, ஸ்மார்ட்போனோடு இணைந்த கேமராவில் சுமார் 300 பேரின் விழித்திரையைப் படம் எடுத்து, ஒரு கணினி மென்பொருளிடம் கொடுத்தார்கள். விழித்திரை பாதிக்கப்பட்டவர்களில் 95.8 சதவீதம் பேரை அது சரியாகப் பிடித்தது. பாதிப்பு இல்லாதவர்களில் 80.2 சதவீதம் பேரை 'இல்லை' என்று சரியாகச் சொன்னது.

முதல் எண்ணுக்குக் கை தட்டலாம். இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நோய் இல்லாத 100 பேரில் சுமார் 20 பேரை அது பயமுறுத்தி அனுப்புகிறது. நகரத்தில் இருப்பவருக்கு அது ஒரு மதியம் வீண். கிராமத்தில் கூலி வேலை செய்பவருக்கோ ஒரு நாள் சம்பளம், பஸ் செலவு, துணைக்கு வருபவரின் சம்பளம். ஒருமுறை வீணாக அலைந்தவர் அடுத்த முறை கூப்பிட்டால் வருவாரா?

கிளினிக்கில் பயிற்சி பெற்றவர்கள் எடுக்கும் படம் ஒன்று, நெரிசலான முகாமில் எடுக்கும் படம் வேறு. இதற்குத் தாய்லாந்தே சாட்சி. அங்கே கூகுள் தன் மென்பொருளை 11 சிறிய கிளினிக்குகளில் சோதித்தது. அங்கே இருந்தது போன் அல்ல, வழக்கமான கேமராதான். ஆனாலும் 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் 'தெளிவில்லை' என்று மென்பொருள் நிராகரித்ததாக 2020-ல் வெளியான அறிக்கை சொல்கிறது. அறையில் போதிய இருட்டு இல்லை, இன்டர்நெட் வேகம் இல்லை. படம் சரியில்லை என்றால் நோயாளி வேறொரு நாள் வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இயந்திரத்தின் தவறுக்கு அபராதம் கட்டியவர் நோயாளி!

யாரை வைத்து ஆராய்ச்சி?

ஆராய்ச்சியிலும் இதே கதைதான். ஆப்பிள் வாட்ச் மூலம் இதயத் துடிப்புக் கோளாறைக் கண்டறிய அமெரிக்காவில் நடந்த ஆய்வில், சில மாதங்களிலேயே 4,19,297 பேர் சேர்ந்தார்கள். அதன் முடிவு 2019-ல் வெளியானது. பிரமிப்பான எண்ணிக்கைதான். ஆனால் அந்தக் கோளாறு முதியவர்களுக்கே அதிகம் வரும், ஆய்வில் 65 வயதைத் தொட்டவர்களோ சுமார் 6 சதவீதம்தான். "துடிப்பில் சந்தேகம்" என்று எச்சரிக்கை பெற்ற 2,161 பேரில், உறுதி செய்யும் பட்டையை ஒட்டிப் பார்த்து, ஆராயத்தக்க பதிவோடு திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர் மட்டுமே. போன் வைத்திருப்பவரை எண்ணுவது சுலபம். போன் இல்லாதவர் அந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

இதில் அந்தரங்கம் என்ற விஷயமும் உண்டு. விழித்திரைப் படத்தை வைத்து ஒருவரின் வயது, ஆணா பெண்ணா, புகைப்பவரா, ரத்த அழுத்தம் என்ன என்பதையெல்லாம் கணினியால் ஊகிக்க முடியும் என்று கூகுள் ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் காட்டினார்கள். முகாமில் வரிசையில் நிற்கும் பாட்டியிடம், "உங்கள் கண் படம் யாரிடம் போகும், எத்தனை வருடம் இருக்கும்" என்று யாராவது சொல்கிறார்களா?

வழி இருக்கிறது

அதற்காகப் போனைத் தூக்கிப் போடச் சொல்வதும் முட்டாள்தனம். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிறிய ஊர்களில் பார்வை மையங்களை நடத்துகிறது. அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பார்க்கிறார், தூரத்தில் இருக்கும் டாக்டர் கணினி வழியாகப் பேசுகிறார், தேவையானால் கண்ணாடியும் அங்கேயே கிடைக்கிறது. இந்த முறை நிலைத்து நிற்கக் காரணம் வெறும் திரை அல்ல. திரைக்கு இந்தப் பக்கம் ஒரு மனிதர் இருக்கிறார், அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது.

கல்லூரிகளில் கண் பரிசோதனைக்கு ஆப் செய்வது இன்று பலருக்கும் பிடித்த ப்ராஜெக்ட். செய்யுங்கள் நண்பர்களே! ஆனால் டெமோவில் "எத்தனை சதவீதம் துல்லியம்?" என்ற கேள்விக்குப் பதில் தயார் செய்யும்போது, இன்னொரு கேள்விக்கும் தயாராக இருங்கள்: "குறை கண்டுபிடித்தவர்களில் எத்தனை பேருக்குக் கண்ணாடி போய்ச் சேர்ந்தது?"

நோயைக் கண்டுபிடித்துவிட்டு வைத்தியத்துக்கு வழி காட்டாமல் விடுவது, பசித்தவனுக்கு இலை போட்டுவிட்டுச் சோறு போடாமல் போவது மாதிரி. போன் இலை போடட்டும். சோறு போட வேண்டியது மனிதர்கள்தான்!