ஆலைப் படியும் ஆலோசகர் நாற்காலியும்

காட்டாங்குளத்தூரில் மின்ரயில் ஏறிக் கல்லூரிக்கு வரும் நான், அதற்கு முன் இரண்டாண்டுகள் மறைமலைநகரில் ஓர் உதிரிபாக ஆலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன். படிப்பு முடிந்ததும் மேலாண்மை ஆலோசகனாக வேண்டும் என்பது என் ஆசை. "போல்ட் எண்ணியவனுக்கு இந்த ஆசையா?" என்று நண்பர்கள் நகைக்கின்றனர். எண்ணியவனுக்குத்தான் அது பொருந்தும் என்பேன் நான்!

கோவையில் 1941-இல் பிறந்த சி.கே. பிரகலாத் அவர்களைப் பாருங்கள். சென்னை இலயோலாக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், யூனியன் கார்பைடு பாட்டரி ஆலையில் நான்காண்டுகள் பணியாற்றிய பின்னரே அகமதாபாத்தில் மேலாண்மை கற்கச் சென்றார். பிற்காலத்தில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும், பெரும் நிறுவனங்களின் ஆலோசகராகவும் விளங்கினார். ஜப்பானின் ஷிகியோ ஷிங்கோவும் ரயில்வே தொழிற்சாலையில் தொடங்கியவரே. எந்திரத்தில் அச்சு மாற்ற மணிக்கணக்கில் ஆன நேரத்தைப் பத்து நிமிடங்களுக்குள் சுருக்கும் முறையை வகுத்தவர் அவர்.

என் அனுபவம் ஒன்று. எங்கள் ஸ்டோர்ஸில் பதிவேட்டில் சரக்கு இருக்கும்; பெட்டியில் இராது; லைன் நிற்கும். ஆராய வந்த ஆலோசகர் பதிவேடுகளை மட்டும் புரட்டி, "பொறுப்பில்லை, ஆட்களும் அதிகம்" என்று எழுதிச் சென்றார். ஒப்பந்தத் தொழிலாளர் இருவர் வேலை இழந்தனர். அவர்களுள் ஒருவர் எனக்குத் தொழில் கற்றுத் தந்த அண்ணன். இரவு ஷிப்டில் கொடுத்த சரக்கை மறுநாள் காலையில்தான் பதிவு செய்வோம். கோளாறு அங்கேதான் இருந்தது. ஓர் இரவு எங்களோடு நின்றிருந்தால் அவருக்கே விளங்கியிருக்கும். விவரம் அறிந்த நானும் வாய் திறக்கவில்லை. அது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

ஆலை அனுபவம் மட்டும் போதுமா? போதாது. தன் ஆலையே உலகம் என்று எண்ணும் கிணற்றுத் தவளையாகிவிடுவோம். கணக்கியலும் புள்ளியியலும் தெளிவாக எழுதும் ஆற்றலும் வேண்டும். அவற்றைத் தேடியே இக்கல்லூரிக்கு வந்தேன்.

அரசனுக்கு இடித்துரைக்கும் துணை வேண்டும் என்றார் வள்ளுவர். முதலாளிக்கு உண்மையை எடுத்துரைக்கும் துணையே ஆலோசகன். அவன் எழுதும் ஒரு வரியில் ஒரு வீட்டின் அடுப்பு அணைந்துவிடக் கூடும்.

எனவே நண்பர்களே! ஆலையில் உழைத்த நாட்களை மறைக்காதீர்கள். நாளை ஆலோசகராகி ஓர் ஆலைக்குள் நுழைந்தால், மேலாளர் அறைக்கு முன் ஸ்டோர்ஸுக்குச் செல்லுங்கள். அங்கே வாய் திறக்க அஞ்சி ஒருவன் நின்றுகொண்டிருப்பான். முதலில் அவனைக் கேளுங்கள்.