சேமிப்புக்கு ஒரு பெயர் வேண்டும்

சேமிப்பைப் பற்றி எழுத வந்தவர் எவராயினும் "சிறுதுளி பெருவெள்ளம்" என்று தொடங்குவதே வழக்கம். நம் கட்டுரைப் போட்டிகளில் எறும்பும் தேனீயும் ஆண்டுதோறும் தவறாமல் வந்துவிடும். அவை சொல்வதில் பிழையொன்றுமில்லை. ஆனால் பெருவெள்ளம் வந்தபின் அது எங்கே போய் நிற்கும் என்பதை எவரும் எழுதக் காணோம். கரையுள்ள ஏரியில் விழுந்த நீர் வயலுக்குப் பாயும். கரையில்லாத இடத்தில் விழுந்தது ஓடிப்போய்க் கடலில் சேரும். நம் வீடுகளில் பெண்பிள்ளைகள் சேர்க்கும் பணத்தில் பெரும்பகுதி இவ்வாறு ஓடிப்போய்விடுகிறது என்பது என் கருத்து. அவர்களுக்குச் சேர்க்கத் தெரியும். எதற்காகச் சேர்க்கிறோம் என்பதை மட்டும் முன்கூட்டி முடிவு செய்வதில்லை.

"நான் பணம் சேர்க்கிறேன்" என்று ஒரு மாணவி சொன்னால், எதற்கு, எவ்வளவு, எந்த நாளைக்குள் என்று கேட்டுப் பாருங்கள். "சும்மாதான், பின்னால் உதவும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அந்தப் பின்னாள் வருமுன் மின்கட்டணம் வந்துவிடும். அத்தை வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு மொய் எழுத வேண்டிவரும். பங்குத் திருவிழாவுக்குத் தம்பிக்குச் சட்டை எடுக்க வேண்டிவரும். பெயரில்லாத பணத்திற்கு வீட்டில் உரிமையாளர்கள் அதிகம்.

இதற்கு மாறான ஒன்றும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. தவக்காலத்தில் பங்கிலிருந்து தரும் சிறு உண்டியலை நினைத்துப் பாருங்கள். வீட்டில் எவ்வளவு முடை வந்தாலும் அதில் யாரும் கை வைப்பதில்லை. பேருந்துக்குச் சில்லறை இல்லாமல் தவிக்கும் நாளிலும் அது மேசைமேல் அப்படியே இருக்கிறது. காரணம், அது ஏழைகளுக்கு என்று பெயரிடப்பட்டுவிட்டது; ஒப்படைக்கும் நாளும் குறிக்கப்பட்டுவிட்டது. பக்தி ஒரு பாதி என்றால் இந்தத் தெளிவு மறுபாதி. தன் படிப்புக்காக ஒரு மாணவி சேர்க்கும் பணத்திற்கும் இதே மரியாதை ஏன் கிடைக்கக் கூடாது?

பணத்தைச் சேர்த்து வைப்பது நற்செய்திக்கு ஒத்து வருமா என்ற ஐயம் நம்மில் சிலருக்கு எழலாம். லூக்கா நற்செய்தியில் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமை உண்டு. அவன் உயிர் அன்றிரவே கேட்கப்படுகிறது. அதே நற்செய்தியில், இரண்டு அதிகாரம் தள்ளி, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து கையிலுள்ளது போதுமா என்று கணக்குப் பார்க்க வேண்டும் என்ற உவமையும் உண்டு. அது சீடராக வாழ்வதைப் பற்றிய பாடம் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆயினும் ஆண்டவர் எடுத்துக்காட்டை எடுத்தது வீடு கட்டுகிறவரின் செலவுக் கணக்கிலிருந்துதான். களஞ்சியத்துச் செல்வனுக்குத் தன் சுகத்தைத் தவிர வேறு நோக்கமில்லை. கோபுரம் கட்டுகிறவனுக்கு ஒரு வேலை முடிக்க வேண்டியிருக்கிறது. இருவரும் சேர்த்தவர்களே என்றாலும் ஒரே வகையினர் அல்லர்.

இனி ஒரு கணக்குப் போடுவோம். கல்லூரியில் சேரும் முதல் மாதத்தில் விண்ணப்பம், சேர்க்கைக் கட்டணம், புத்தகம், பேருந்து என்று 15,000 ரூபாய் தேவைப்படும் என வைத்துக்கொள்வோம். எட்டாம் வகுப்பு தொடங்கும் ஜூன் முதல், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி வாசலில் நிற்கும் ஜூன் வரை 60 மாதங்கள். ஆர்.டி. என்று எல்லோரும் சொல்லும் அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கின் காலமும் 60 மாதங்களே. மாதம் குறைந்தது 100 ரூபாய். அதற்கு மேல் பத்துப் பத்தாகக் கூட்டிக்கொள்ளலாம். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே இக்கணக்கைத் தொடங்கலாம். இதற்கான வட்டி 2023 அக்டோபரில் 6.7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தில் மாதம் 210 ரூபாய் கட்டினால், நாம் கட்டும் 12,600 ரூபாய் ஐந்தாண்டு முடிவில் ஏறத்தாழ 15,000 ஆகிவிடும். நாளுக்கு ஏழு ரூபாய்! புதுக் கணக்குகளுக்குரிய வட்டி அவ்வப்போது மாறும். சேரும் நாளில் கேட்டுக்கொள்ள வேண்டும். தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம் உண்டு. பரீட்சைக் கட்டணத்தைத் தாமதித்துக் கட்டுவோருக்கு இது புதிதன்று.

ஏழு ரூபாய் என்று எழுதுவது எளிது. அந்த ஏழு ரூபாயும் கைக்கு வராத மாணவிகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். மாலையில் பீடி சுற்றிவிட்டோ பூக்கட்டிவிட்டோ படிக்க உட்காரும் பிள்ளையிடம் போய் "மிட்டாயைக் குறைத்துச் சேமி" என்று சொல்வதற்கு எனக்கு நாவெழாது. அவளிடம் மிச்சப்படுத்த எதுவுமில்லை. அவளே வீட்டுக்கு மிச்சம் பிடித்துத் தருகிறவள். அத்தகைய வீடுகளில் பெரும்பாலும் தாய் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பார். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கிய இம்முயற்சி பின்னர் தமிழகமெங்கும் பரவியது. அக்குழுக்களில் எனக்குப் பிடித்தது சேமிப்பைவிடத் தீர்மான நோட்டே. யாருக்கு, எதற்கு, எத்தனை தவணை என்று எழுதிக் கையெழுத்து வாங்காமல் பணம் வெளியே போகாது. எழுத்தறிவு குறைந்த தாய்மார் நடத்தும் இந்த ஒழுங்கைப் படித்த குடும்பங்களிலும் காண முடிவதில்லை. மகளின் மேற்படிப்பு என்ற ஒரு தலைப்பை அந்த நோட்டில் ஏற்றச் சொல்லி அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. குறையாகக் கொள்ள வேண்டாம். புதுநன்மை நாளில் ஞானப் பெற்றோரும் மாமன்மாரும் பிள்ளையின் கையில் வைக்கும் உறைகள் எங்கே போகின்றன? பிரியாணிச் செலவுக்குப் போகின்றன. பிள்ளைக்கு மிஞ்சுவது வெள்ளை உடையும் ஒரு புகைப்படமும். பிறகு கிறிஸ்துமஸ், பிறந்தநாள், பரிசுத்தொகை என்று வருவதெல்லாம் "அம்மாவிடம் கொடு, பத்திரமாக வைக்கிறேன்" என்ற வார்த்தையோடு மறைந்துவிடும். குடும்பத்தின் கஷ்டத்தில் பிள்ளை பங்குகொள்ளக் கூடாது என்பதன்று என் வாதம். அரிசி வாங்க மகளின் உண்டியலை உடைக்க நேர்ந்த தந்தையை யார் குறை சொல்ல முடியும்? ஆனால் அண்டை வீட்டில் வாங்கிய ஐந்நூறைச் சொன்ன தேதியில் திருப்பித் தருகிறோம். மகளிடம் வாங்கிய ஐந்நூறு மட்டும் கைமாற்று என்ற கணக்கிலேயே வருவதில்லை. அவள் கேட்டால் "உனக்குச் சோறு போடுவது யார்?" என்கிறோம். தன் பணம் தன்னுடையதன்று என்ற பாடத்தை அவள் அன்று கற்றுக்கொள்கிறாள். பிற்காலத்தில் அவள் சம்பளத்தை வேறொருவர் வாங்கி வைத்துக்கொள்ளும்போதும் வாய்திறவாமல் இருப்பாள். ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி, முடிந்தபோது திருப்பித் தாருங்கள். ஐம்பது ஐம்பதாகத் தந்தாலும் போதும்.

"பெண்ணுக்கு நகையாகச் சேர்க்கிறோமே, அது சேமிப்பில்லையா?" என்று கேட்பார்கள். சேமிப்புத்தான். தங்கம் விலையேறியிருக்கிறது, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் மறுநாள் காலையில் அடகுக் கடையில் கைகொடுப்பதும் அதுவே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நகையாக வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் போய்விடும். விற்கும்போது அவை திரும்பி வரமாட்டா. அதைவிடப் பெரிய செய்தி, அந்த நகைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் "கல்யாணம்" என்பது. ஆகவே அது கல்யாணத்தன்றே வெளியே வரும். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பெண், செவிலியர் படிப்புக்குப் பணமில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்காக வைத்த பத்துப் பவுன் பீரோவில் பத்திரமாக இருக்கும். கோவிலில் ஓலை வாசிக்குமுன்பே எத்தனை பவுன் என்பது பேசி முடிந்துவிடும். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல்.

நோக்கத்தை மாற்ற முடியாது என்று சொல்வோருக்கு ஓர் எடுத்துக்காட்டு. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் தமிழக அரசு 1989இல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2011இல் தாலிக்கு 4 கிராம் தங்கமும் சேர்ந்தது. 2016இல் அது 8 கிராம் ஆயிற்று. 2022இல், அம்மையார் பெயர் அப்படியே இருக்க, திட்டம் உயர்கல்விக்கு என்று மாற்றப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய், அவளுடைய சொந்த வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட்டது. 2024 டிசம்பரில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அரசாங்கம் தாலிப் பொன்னைக் கல்லூரிப் பணமாக மாற்ற முடிந்ததென்றால், நம் வீட்டுப் பீரோவில் மாற்றம் செய்வது அவ்வளவு கடினமா?

சீதனம் கொடுத்தாயிற்று, இனி அவளுக்கு என்ன பங்கு என்ற பேச்சும் இதே நகைக் கணக்கைச் சார்ந்தது. திருவிதாங்கூரில் 1916இல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாத தந்தையின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் நாலில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் பேசியிருந்தால் அதுவும் இல்லை. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்மணியான மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை சென்று 1986இல் இதை மாற்றினார். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெற்றோருக்கு இது நன்றாகவே தெரியும்!

வீட்டில் பத்து வயது நிறையாத தங்கை இருந்தால் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். 2015 ஜனவரியில் தொடங்கப்பட்ட இதில் ஆண்டுக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடிருக்கும். இதையும் கல்யாணத்துக்கு என்று சொல்லிப் போடுகிறவர்கள் உண்டு. பெண் பத்தாம் வகுப்புத் தேறிய பின், அல்லது 18 வயது நிறைந்த பின், இருப்பில் பாதிவரை அவள் உயர்கல்விக்கு எடுக்கலாம் என்ற விதியை அவர்கள் படிப்பதில்லை.

எங்கே போடுவது என்பதில் மட்டும் துணிச்சல் வேண்டாம். 1990களில் கூடுதல் வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களில் போட்டு இழந்த குடும்பங்கள் எத்தனையோ. அதன் விளைவாகவே 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கத் தமிழகத்தில் தனிச் சட்டம் வந்தது. பதிவு செய்யாத தீபாவளிச் சீட்டும் அப்படிப்பட்டதே. அஞ்சலகப் பணத்திற்கு அரசு பொறுப்பு. வங்கி வைப்புக்கு 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. நம் ஏழு ரூபாய்க்கு இவை தாராளம்.

கடைசியாக நம் பள்ளிக்கு ஒரு விண்ணப்பம். 1924இல் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் பிறந்த உலகச் சிக்கன நாளை நம் நாட்டில் அக்டோபர் 30 அன்று கொண்டாடுகிறோம். பேச்சுப் போட்டி நடக்கிறது. பரிசாகச் சோப்புப் பெட்டி கிடைக்கிறது. முன்பு பல பள்ளிகளில் சஞ்சாயிகா என்ற பள்ளிச் சேமிப்பு வங்கி இருந்தது. மாணவிகளே காசாளராகவும் கணக்கராகவும் இருந்து பத்துப் பைசா, நாலணா வரவுகளைப் பேரேட்டில் எழுதினார்கள். நம் தாய்மாரில் சிலர் அந்தச் சிறு புத்தகங்களை இன்னமும் வைத்திருக்கலாம். அதுபோல ஒன்றை நாம் மறுபடி தொடங்கலாம். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் தொகையோடு நோக்கமும் நாளும் எழுதப்பட வேண்டும். சேரும் பணத்தை வாரந்தோறும் ஓர் ஆசிரியையின் துணையோடு அஞ்சலகத்தில் அவரவர் கணக்கிலேயே கட்டிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் அரை மணி நேரமும், ஒரு பேரேடும், பூட்டுள்ள ஒரு மேசையும் போதும். பேரேடு எழுதப் பதினோராம் வகுப்பு வணிகவியல் மாணவியர் ஆயத்தமாக இருக்கிறார்கள். தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்களின் இசைவு ஒன்றே பாக்கி.