'நம்ம வீடுதானே' என்று விளம்பரம் செய்யலாமா?

நமது வணிகப் பெருமக்கள் பலருக்கு இன்று மலையில் ஒரு வீடு இருக்கிறது. மதுரை, திண்டுக்கல்காரர்களுக்குக் கொடைக்கானல், தென்காசிப் பக்கத்தவர்களுக்குக் குற்றாலம், சேலத்துக்காரர்களுக்கு ஏற்காடு. பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கியதாக இருக்கும். அல்லது வரவேண்டிய பாக்கிக்குப் பதிலாக வந்து சேர்ந்ததாக இருக்கும். வருஷத்தில் பத்து நாள் நாம் போய்த் தங்குகிறோம். மற்ற நாளெல்லாம் காவல்காரர் சம்பளம், மின்கட்டணம், சொத்து வரி என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே நாள் வாடகைக்கு விடுகிறோம். அதில் தவறு ஒன்றுமில்லை. சும்மா கிடக்கும் கிட்டங்கியை வாடகைக்கு விடுவது போன்றதுதான்.

ஆனால் யாருக்கு விடுகிறோம், அவர்களிடம் எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் சங்கடம் வருகிறது. இணையத்தில் அறை பதிவு செய்து கொடுக்கும் நிறுவனங்கள் கமிஷன் பிடிக்கின்றன. அதை ஏன் கொடுக்க வேண்டும், நமக்குத் தெரிந்தவர்களே ஆயிரம் பேர் இருக்கிறார்களே என்று வாட்ஸ்அப்பில் படத்தைப் போட்டுவிடுகிறோம். நானும் போட்டவன்தான். போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

2023 மே மாதம். கொடைக்கானலில் எங்கள் வீட்டுக்குச் சீசன் நடுவில் நான்கு நாள் காலியாக இருந்தது. கைப்பேசியில் இருந்த பெயர்களில் ஒரு முப்பது பேருக்கு நானே தட்டிவிட்டேன்: "அண்ணாச்சி, கொடைக்கானல் வீடு இந்த வாரம் காலியாக இருக்கிறது. குடும்பத்தோடு வாருங்கள். நம்ம வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்." கூடவே வீட்டின் படம் நாலு. வாடகை எவ்வளவு என்று எழுதவில்லை. நண்பர்களிடம் எடுத்த எடுப்பில் விலை சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

திண்டுக்கல்லில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர். 1991 முதல் எங்களிடம் பருப்பு எடுப்பவர். என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். அவர் மூன்று இரவு வருகிறேன் என்று பதில் போட்டு, மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் எல்லாருமாக வந்து தங்கினார். திரும்பும் நாள் காலையில் காவல்காரர் கையில் பில்லைக் கொடுத்தார். நாளொன்றுக்கு 6,000 வீதம் மூன்று நாளைக்கு 18,000, அன்றிருந்த ஜி.எஸ்.டி. 12 சதவீதம் 2,160. ஆக 20,160 ரூபாய். வாடகைக் கணக்கைப் பார்ப்பவன் என் மகன். அப்பா என்ன எழுதி அனுப்பினார் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் எல்லாருக்கும் போடுகிற பில்லைப் போட்டுவிட்டான். நண்பர் ஒரு வார்த்தை பேசாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டார்.

எனக்கு விஷயம் தெரிந்தது இரண்டு மாதம் கழித்து, அதுவும் பேரேட்டிலிருந்து. அவர் பெயரில் எப்போதும் ஒன்றரை, இரண்டு லட்சம் நிலுவை நிற்கும். அது பைசா மீதமில்லாமல் தீர்ந்திருந்தது. புதிய ஆர்டர் இல்லை. ஒருவர் பாக்கியை முழுவதுமாகத் தீர்ப்பது நமது தொழிலில் எப்போதும் நல்ல சேதி அல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

தீபாவளிக்கு முன்பு இனிப்போடு நேரில் போனேன். காபி கொடுத்தார். பணத்தை எடுத்து வைத்தேன். கையைப் பிடித்துத் தடுத்தார். "கணக்குன்னா கணக்குதானே அண்ணாச்சி" என்றார். வாசல் வரை வந்த அவருடைய மகன்தான் மெல்லச் சொன்னான்: "எங்களுக்குப் போற எண்ணமே இல்லை பெரியப்பா. சின்னவளுக்கு மலை ஏறினா வாந்தி. நீங்க கூப்பிட்டுட்டீங்க, போகலைன்னா நல்லா இருக்காதுன்னு அப்பா கிளம்பச் சொன்னாரு."

அன்று பஸ்ஸில் மதுரை வந்து சேரும் வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் விளம்பரம் என்று அனுப்பியதை அவர் அழைப்பு என்று எடுத்துக்கொண்டார். அது மட்டுமல்ல. நம்மிடம் சரக்கைக் கடனுக்கு எடுக்கிறவருக்கு நாம் அனுப்பும் விளம்பரம், சாதாரண விளம்பரமாக அவர் கண்ணில் படாது. மறுத்தால் அடுத்த லோடுக்கு ரொக்கம் கேட்பாரோ, தவணையைக் குறைப்பாரோ என்று யோசிப்பார். நமக்கு அப்படி ஒரு எண்ணம் கனவிலும் இருக்காது. ஆனால் கடன் கொடுத்தவனின் எண்ணம் என்னவென்று கடன் வாங்கியவன் எப்படி அறிவான்? வெளியாளுக்கு விலை பிடிக்கவில்லை என்றால் அடுத்த விடுதிக்குப் போய்விடுவார். நமது சில்லறை வியாபாரிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நிலுவை உள்ளவர்களுக்குத் தனியாகப் பெயர் சொல்லி அனுப்பவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம். கடை ஊழியர்களுக்கும் இது பொருந்தும்.

பின்னே யாருக்குத்தான், எப்படித்தான் சொல்வது? வாட்ஸ்அப்பிலேயே அதற்கு வழிகள் இருக்கின்றன. 'ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கிறதல்லவா, அது நம் கடை வாசலில் வைக்கும் கரும்பலகை மாதிரி. பார்க்கிறவர் பார்ப்பார், 24 மணி நேரத்தில் தானே மறைந்துவிடும், யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து இதைவிட நாகரிகமான வழி இல்லை. 'பிராட்காஸ்ட்' பட்டியல் என்பது, நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்வது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஒருவருக்கு வந்தது இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் பெறுகிறவருக்கு அது தனக்கே எழுதிய கடிதம் போலத் தெரியும். அதனால் 'பலருக்கும் அனுப்பும் பொது அறிவிப்பு' என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. சீசனுக்கு ஒரு தடவை அனுப்பினால் போதும்.

சங்கத்தின் குழுவில் போடுவதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் குழு இருப்பது காலையில் துவரை, உளுந்து விலை பார்க்கவும், செக்போஸ்ட், வரி சமாச்சாரங்கள் தெரிந்துகொள்ளவும், உறுப்பினர் வீட்டு நல்லது கெட்டது அறியவும். சில மாதங்களுக்கு முன்பு மூத்த உறுப்பினர் ஒருவர் காலமான செய்தி வந்தது. இறுதி ஊர்வலம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அதற்கு அடியில் ஒரு பங்களாவின் படமும் 'சீசன் சலுகை, முந்துங்கள்' என்ற வாசகமும் வந்து விழுந்தன. போட்டவர் மேலே இருந்ததைப் படிக்கவில்லை. அதற்கும் அடியில் நாலைந்து பேர் கும்பிட்ட கை போட்டிருந்தார்கள். அந்தக் கும்பிடு இறந்தவருக்கா, பங்களாவுக்கா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நிர்வாகிகள் மாதத்தில் ஒரு நாளை இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்கென்று ஒதுக்கிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

அடுத்தது விலை. சொல்லாத விலைதான் பகையை உண்டாக்குகிறது. வாடகை எவ்வளவு, எத்தனை பேருக்கு, கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு, வரி உள்ளேயா வெளியேயா, முன்பணம் எவ்வளவு, வர இயலாமல் போனால் எத்தனை நாளைக்கு முன்பு சொன்னால் பணம் திரும்பும் என்பதெல்லாம் முதல் செய்தியிலேயே வந்துவிட வேண்டும். விலையைப் பார்த்ததுமே வேண்டாம் என்கிறவர் மௌனமாக நகர்ந்துவிடலாம். அந்த மௌனத்துக்கு நாம் இடம் கொடுப்பதுதான் மரியாதை. "பார்த்தீர்களா, ஒன்றும் சொல்லவில்லையே" என்று பின்னால் கேட்கலாகாது. "பார்ப்போம்" என்று ஒருவர் எழுதினால் நம் ஊர் வழக்கத்தில் அதற்கு 'வேண்டாம்' என்றே பொருள். கேட்கிறவருக்கு அது தெரியாதா என்ன?

நண்பர்களுக்குச் சலுகை தரலாமா என்று கேட்பார்கள். தரலாம்; ஆனால் எல்லாருக்கும் ஒரே சலுகை, அதையும் எழுத்தில். ஆளுக்கு ஒரு விலை என்றால் ஊர் திரும்பியதும் இருவர் பேசிக்கொள்வார்கள். கூடுதலாகக் கொடுத்தவர் நம்மை மறக்கமாட்டார். சம்பந்தி வீட்டார், தாய்மாமன் வீட்டார் போன்றவர்களிடம் வாடகை வாங்க நமக்கு வாய் வராது. அவர்களுக்கு விளம்பரம் அனுப்பாமல், மனமிருந்தால் போன் செய்து, "வாடகை கிடையாது, சும்மா வந்து இருந்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிட வேண்டும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் 'கேஸ் செலவுக்கு மட்டும்' என்று பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரக்கைப் பற்றிய உண்மையும் உண்டு. பருப்பு மூட்டையில் குத்தூசி போட்டு நடுவிலிருந்து மாதிரி எடுத்துக் காட்டுகிறோம். மேல்வாயில் மட்டும் நல்ல சரக்கு வைத்தவனைச் சந்தையில் என்ன சொல்வோம்? வீட்டு விளம்பரத்தில் அதைத்தான் செய்கிறோம். ஏரிக்கு ஐந்து கிலோமீட்டர் இருந்தால் 'ஏரிக்கு அருகில்' என்கிறோம். எங்கள் வீட்டுக்குச் சாலையிலிருந்து இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு ஆகாது. கரண்ட் போனால் வெந்நீர் கிடையாது. கார் ஒன்றுதான் நிறுத்தலாம். இந்த மூன்றையும் இப்போது படத்துக்கு மேலேயே எழுதிவிடுகிறேன். மகன், "யாரும் வரமாட்டாங்கப்பா" என்றான். வருகிறார்கள். படி இறங்க முடிகிறவர்கள் வருகிறார்கள்.

சட்ட சங்கதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருப்பவர் அதே பெயரில், அதே பான் எண்ணில் வீட்டை நாள் வாடகைக்கு விட்டால், வாடகைக்கும் வரி உண்டு. 7,500 ரூபாய்க்கு மேற்படாத நாள் வாடகைக்கு 12 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆனது. 'நண்பர்தானே, பில் வேண்டாம்' என்பது நண்பரையும் நம்மோடு தப்பில் சேர்ப்பது. கொடைக்கானலில் அனுமதி மீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைக்கப்பட்டதை 2019-ல் பார்த்தோம். பேரப்பிள்ளைகளோடு வந்தவரை அப்படி ஒரு நாளில் வாசலில் நிறுத்தினால் நம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? உரிமம் சரியாக இல்லாத வீட்டை வெளியாருக்கே விடலாகாது எனும்போது தெரிந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்கு இ-பாஸ் எடுக்கும் ஏற்பாடும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் வந்தது. அந்தந்த சீசனில் விதி என்ன என்று கேட்டறிந்து விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்வது வீட்டுக்காரரின் பொறுப்பு.

வாடகைக்கு வருகிற நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நாலு பேர் என்று சொல்லிப் பதினோரு பேராக வருவதும், "ரெண்டு நாள்தானே, நமக்குள்ள என்ன" என்று முன்பணத்தைத் தள்ளிப்போடுவதும் வீட்டுக்காரரை அதே சங்கடத்தில்தான் தள்ளுகின்றன. அவர் கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தவிப்பார்.

இந்த சீசனுக்கு நான் அனுப்பிய அறிவிப்பை அப்படியே தருகிறேன். விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்: "பலருக்கும் அனுப்பும் பொது அறிவிப்பு. கொடைக்கானலில் எங்கள் வீடு நாள் வாடகைக்கு உண்டு. ஆறு பேர் தங்கலாம். சீசனில் நாளொன்றுக்கு ரூ.6,500, மற்ற மாதங்களில் ரூ.4,000, வரி உட்பட. சங்க உறுப்பினர் எல்லாருக்கும் பத்து சதவீதம் கழிவு. இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். கரண்ட் இல்லாதபோது வெந்நீர் இல்லை. கார் ஒன்று நிறுத்தலாம். வண்டிக்கு இ-பாஸ் விவரம் கேட்டால் சொல்வோம். தேவைப்படுகிறவர்கள் மட்டும் மகனுக்கு எழுதினால் போதும். மற்றவர்கள் பதில் எழுத வேண்டியதில்லை. இதற்கும் கடைக் கணக்குக்கும் சம்பந்தமில்லை."

கடைசி வரியைப் படித்துவிட்டு இரண்டு பேர் போன் செய்து, "என்ன அண்ணாச்சி, இப்படி எழுதியிருக்கீங்க" என்று சிரித்தார்கள். தேதி கேட்டு மகனுக்கு ஐந்து பேர் எழுதினார்கள். மூன்று பேர் வந்துபோனார்கள். திண்டுக்கல் நண்பரின் பெயரை நான் அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவர் இப்போது பருப்பு எடுப்பது வேறொரு கடையில். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினேன், அவரும் அனுப்பினார்.