மீன் தொட்டிக்கு ஒரு காவல்

காலேஜ் ஹாஸ்டலுக்குப் புறப்படும்போது என் பிள்ளை, "அம்மா, தொட்டியை மட்டும் பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். நூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி. உள்ளே செயற்கைப் பவளப்பாறை, ஜோடியாக இரண்டு கோமாளி மீன்கள். (உயிருள்ள கல் பவளத்தை வாங்கி வைக்க 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. யார் விற்றாலும் வாங்காதீர்கள். மீனும் பண்ணையில் பொரித்ததாகக் கேட்டு வாங்குங்கள்.)

போன சித்திரையில் தங்கை பெண்ணின் வளைகாப்புக்கு இரண்டு நாள் போயிருந்தேன். தொட்டியின் மேலே இருக்கும் குட்டி ஃபேனை, "சும்மா ஓடுதே" என்று என் கணவர் அணைத்துவிட்டார். நான் வந்து பார்த்தபோது தண்ணீர் 33 டிகிரி. பெரிய மீன் செத்துக் கிடந்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஃபேன் எதற்கு என்று நான் சொல்லி வைத்திருந்தால்தானே! பிள்ளைக்குப் போனில் சொல்வதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தானாகப் பார்த்துக்கொள்ளும் கருவி வாங்கலாமென்று கடைக்குப் போனேன். நெப்டியூன் ஏபெக்ஸ் மாதிரி எல்லா வேலையும் செய்யும் பெட்டிகள் இருக்கின்றன. சூடு, உப்பு, பி.ஹெச். எல்லாம் அளந்து செல்போனுக்குச் சேதி அனுப்பும். ஆனால் அந்த விலைக்கு ஒரு நல்ல ஃப்ரிஜ் வாங்கிவிடலாம்! பி.ஹெச். அளக்கும் குச்சியை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். ஒன்றிரண்டு வருடத்தில் மாற்றவும் வேண்டும். பவளம் இல்லாத தொட்டிக்கு இதெல்லாம் எதற்கு?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் தொட்டியில் மீனைக் கொல்லக் கூடியவை மூன்று: சூடு, தண்ணீர் வற்றுவது, கரண்ட் போவது. இந்த மூன்றுக்கு மட்டும் காவல் போட்டால் போதாதா?

முதலாவது, டெம்பரேச்சர் கண்ட்ரோலர். இரண்டு பிளக் மாட்டும் வகையாக வாங்கினேன். ஒன்றில் ஃபேன், மற்றதில் ஹீட்டர். 26 டிகிரி என்று வைத்துவிட்டால், 27-ஐத் தாண்டியதும் ஃபேன் ஓடும். 25-க்குக் கீழே போனால் ஹீட்டர் எரியும். பெரிய பெட்டியின் விலையில் இது ஒரு சிறு பங்குதான்.

இரண்டாவது, தண்ணீர். ஃபேன் ஓட ஓடத் தண்ணீர் ஆவியாகும். உப்பு மட்டும் அப்படியே தங்கிவிடும். அதனால் வற்றிய அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர்தான் விட வேண்டும். மொட்டை மாடித் தொட்டியில் மிதவை இருக்குமே, அதுபோல ஒரு மிதவையும் சின்ன பம்பும் இதைச் செய்துவிடும்.

மூன்றாவது, பேட்டரியில் ஓடும் காற்று பம்ப். கரண்ட் போனதும் தானே ஓடத் தொடங்குகிற ரகமாகக் கேளுங்கள். கரண்ட் இல்லாவிட்டால் எந்தக் கண்ட்ரோலரும் வெறும் பெட்டிதான்.

பட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்:

* சூடு அளக்கும் குச்சியை நீருக்குள் நன்றாகப் பொருத்துங்கள். நழுவி வெளியே வந்தால் அது காற்றைத்தான் அளக்கும். மார்கழிக் குளிரில் ஹீட்டர் நிற்காமல் எரிந்து மீன் வெந்துவிடும். அதற்காகவே ஹீட்டரின் சொந்தத் திருகையும் 27-லேயே வைத்திருக்கிறேன்.

* நல்ல தண்ணீர் டப்பா ஐந்து லிட்டருக்கு மேல் வேண்டாம். மிதவை சிக்கிக்கொண்டாலும் அவ்வளவுதான் உள்ளே போகும். உப்பு ஒரேயடியாக நீர்த்துப் போகாது.

* வயர் பிளக்கை விடத் தாழத் தொங்கி மேலே ஏறட்டும். அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது. உப்புநீர் ஆயிற்றே! தொட்டிக்குள் கை விடுமுன் சுவிட்சை அணையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் ஷாக் அடித்தால் கரண்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. அவசியம்.

* வாரம் ஒருமுறை உப்பின் அடர்த்தியை நீங்களே அளந்து பாருங்கள். 1.025 சரியான அளவு.

என்ன கருவி இருந்தாலும், காலையில் காபி ஆற்றும்போது ஒரு தரம் எட்டிப் பார்ப்பதை நான் விடவில்லை. மீன் இரைக்கு ஓடி வருகிறதா என்பதை எந்தக் கருவியும் சொல்லாதே!

கோமாளி மீன் ஜோடியில் பெரியதுதான் பெண். அது போய்விட்டால் ஆண் மீனே நாளடைவில் பெண்ணாகிவிடுமாம். மிஞ்சியதற்குத் துணையாக ஒரு குட்டியை விட்டிருக்கிறேன். தீபாவளிக்குத் தங்கை வீட்டில் நாலு நாள் நிம்மதியாக இருந்துவிட்டு வந்தேன். இரண்டும் சௌக்கியம். ஃபேன் சுவிட்சின் மேல் என் கணவரே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார்: "தொடாதே!"