113 ரேஸ், 113 தோல்வி: ஹரு உராராவால் ஜெயித்தது யார்?

2004 மார்ச் 22. ஜப்பானின் கோச்சி ரேஸ் மைதானத்தில் சுமார் 13,000 பேர் கூடியிருந்தார்கள். (கேரளாவின் கொச்சி இல்லைங்க, இது ஷிகோகு தீவில் இருக்கும் ஊர்.) எல்லோரும் பார்க்க வந்தது, அதுவரை ஓடிய 105 ரேஸிலும் தோற்ற ஒரு பெண் குதிரையை. பெயர் ஹரு உராரா. அன்றைக்கு அதன்மேல் மட்டும் சுமார் 12 கோடி யென் பந்தயம் கட்டப்பட்டது. ஜப்பானின் நம்பர் ஒன் ஜாக்கி யுடாகா டகே ஓட்டியும், 11 குதிரைகளில் 10-வது இடம்தான் கிடைத்தது.

தோற்கும் குதிரைக்கு ஏன் பணம்?

காரணம் ஒரு சிலேடை. பந்தயச் சீட்டுக்குப் பரிசு விழாததைச் சொல்லும் ஜப்பானிய வார்த்தைக்கு 'மோதாது' என்றும் அர்த்தம் உண்டு. அதனால் ஹரு உராரா பெயர் போட்ட சீட்டு, வண்டி மோதாமல் காக்கும் தாயத்து ஆகிவிட்டது. அந்த ரேஸில் 100 யென் கட்டி ஜெயித்திருந்தாலும் கைக்கு வருவது 180 யென்தான். லாபத்துக்காக யாரும் வாங்கவில்லை, ஞாபகார்த்தமாக வாங்கினார்கள்.

மைதானத்துக்கு என்ன பிரச்னை?

கோச்சி மைதானம் உள்ளாட்சி அமைப்புகள் நடத்துவது. 2003-ல் அதன் கடன் சுமார் 880 கோடி யென். மாகாண அரசும் நகராட்சியும் அந்தக் கடனை ஏற்றுக்கொண்டன. ஆனால், இனி நஷ்டம் வந்தால் உடனே இழுத்து மூடுவோம் என்று நிபந்தனை போட்டன. அது வெறும் மிரட்டலும் கிடையாது. நகாட்சு மைதானம் 2001-லும், மசுடா மைதானம் 2002-லும் மூடப்பட்டிருந்தன. அந்த நேரத்தில்தான் ஹரு உராராவின் தோல்விக் கதை தேசியச் செய்தியானது.

அப்போ மைதானத்தைக் காப்பாற்றியது ஹரு உராராதானா? பாதி உண்மை. அது வாங்கிக் கொடுத்தது கொஞ்சம் அவகாசம். கோச்சி நிஜமாகத் தலைநிமிர்ந்தது 2009-ல் இரவு ரேஸ் தொடங்கி, ஆன்லைன் பந்தயம் பெருகிய பிறகுதான்.

ஹரு உராராவுக்கு என்ன கிடைத்தது?

இதை 'விடாமுயற்சி' கதையாக நீங்களும் ஷேர் பண்ணியிருக்கலாம். ஆனா ஓடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அந்தக் குதிரைக்கு வாய்ப்பே இல்லையே! 2004 ஆகஸ்டில் 113-வது தோல்வியோடு அதன் ஓட்டம் நின்றது. பிறகு இடம் மாறி மாறி, கடைசியில் சிபா மாகாணத்தில் ஒரு பண்ணைக்கு வந்தது. அங்கே அதன் பராமரிப்புச் செலவை ஏற்றுக்கொண்டது ரசிகர்கள் சேர்ந்து அமைத்த ஒரு குழு.

2025 ஜூனில் 'உமா முசுமே' வீடியோ கேம் ஆங்கிலத்தில் வெளியானது. நிஜ ரேஸ் குதிரைகளின் பெயரில் கதாபாத்திரங்கள் வரும் கேம் அது. ஹரு உராராவும் அதில் உண்டு. விளையாடியவர்கள் வெளிநாடுகளிலிருந்து புல் வாங்க நன்கொடை அனுப்பினார்கள், கூட்டம் தாங்காமல் நன்கொடை இணையதளமே திணறியது. அதே ஆண்டு செப்டம்பர் 9-ல், கடும் வயிற்று வலியால் 29 வயதில் ஹரு உராரா இறந்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன?

ஜப்பானில் ஆண்டுக்கு 7,000-க்கும் அதிகமான ரேஸ் குட்டிகள் பிறக்கின்றன. பெரும்பாலானவை சில வருடங்களில் ஓட்டத்தை நிறுத்திவிடும், ஆனால் 25 வயது தாண்டியும் வாழக்கூடியவை. மிச்ச காலத்துக்கு யார் தீனி போடுவது? சமீப ஆண்டுகளில் அங்கே ரேஸிங் துறை உதவித் திட்டங்களைத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும் எல்லாக் குதிரைக்கும் இடமும் பணமும் கிடைப்பதில்லை.

ஹரு உராரா மேல் கட்டிய பணத்தில் மைதானத்துக்கு ஒரு பங்கு போனது. குதிரையின் முதுமைக்கென்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. ஊரறிந்த பெயர் என்பதால் ரசிகர்கள் தேடி வந்தார்கள். அதே மைதானத்தில் அதோடு ஓடிய மற்ற குதிரைகளின் பெயர் நமக்குத் தெரியுமா?