கம்பைலர் கேட்கும் கேள்வி

ஹாஸ்கெல் மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் எச்சரிக்கைதான். பட்டியலை வாங்கிக்கொள்ளும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுகிறோம். தலையும் வாலுமாக வருவதற்கு ஒரு வரி, காலியாக வருவதற்கு ஒரு வரி. இரண்டாவதை மறந்துவிட்டால், எச்சரிக்கைகளை முடுக்கிவிட்ட கம்பைலர் "காலிப் பட்டியல் வந்தால்?" என்று கேட்டுவிடும். இப்படி உருவத்தைப் பார்த்துப் பிரிக்கும் பேட்டர்ன் மேட்சிங்கின் அழகைப் பலரும் புகழ்வார்கள். எனக்கு அதில் பெரிது இந்தக் கேள்வி.

ஆனால் டேட்டாவின் உள்ளமைப்பு வெளியே தெரிந்தால்தான் கம்பைலரால் இப்படிக் கேட்க முடியும். நல்ல நூலகமோ உள்ளமைப்பை மறைத்துவைக்கும். இந்த இழுபறிக்கு 1987-இல் ஃபிலிப் வாட்லர் 'வியூஸ்' என்று ஒரு வழி சொன்னார்: உள்ளே ஒரு உருவம் இருக்கட்டும், பேட்டர்னுக்கு வேறு உருவத்தைக் காட்டுவோம். பிறகு வந்த நீட்டிப்புகள் பலவும் அந்த யோசனையின் வாரிசுகள்.

ஹாஸ்கெலின் 'டேட்டா.சீக்வென்ஸ்' நூலகத்தின் உள்ளே ஒரு ஃபிங்கர் ட்ரீ. பேட்டர்ன் சினானிம் என்ற வசதியால், அந்த மரம் கண்ணில் படாமலே முன்முனையிலிருந்தோ பின்முனையிலிருந்தோ ஓர் உறுப்பைக் கழற்றலாம். படு சௌகரியம். ஆனால் எல்லா வகையும் வந்துவிட்டதா என்று கம்பைலரால் இப்போது சொல்ல முடியாது. அதனால் 'இவ்வளவுதான், இது முழுமை' என்று நூலகத்தை எழுதியவரே ஒரு குறிப்பு வைக்கிறார். கம்பைலர் அதைச் சரிபார்ப்பதில்லை, நம்பிக்கொள்கிறது. பரீட்சை எழுதியவரே மார்க்கும் போட்டுக்கொள்கிற கதை.

எஃப் ஷார்ப் மொழியின் ஆக்டிவ் பேட்டர்ன் எனக்கு இதைவிட மேலாகப் படுகிறது. 'இரட்டை, ஒற்றை' என்று வகைகளின் பெயர்களை முதலிலேயே அறிவிக்க வேண்டும், ஏழு வரைக்கும். பிரித்துத் தரும் ஃபங்ஷனால் அவற்றில் ஒன்றைத்தான் திருப்பித் தர முடியும். ஆகவே கம்பைலர் தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும். பொருந்தினாலும் பொருந்தலாம் என்கிற 'பார்ஷியல்' ரகத்தில்தான் தொல்லை. அங்கே கடைசியில் 'மற்றவை' என்று ஒரு வரி எழுதாவிட்டால் எச்சரிக்கை போகாது. அதை எழுதிவிட்டாலோ, நாளை டேட்டாவில் புதிதாக ஒரு வகையைச் சேர்க்கும்போது கம்பைலர் வாயே திறக்காது.