நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பேத்தி நியூ ஜெர்ஸியிலிருந்து வீடியோ காலில் வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ ப்ராஜெக்ட். "பாட்டி, அந்தக் காலத்துல கவர்மென்ட் உங்க குதிரையை எடுத்துக்கிட்டா யார்கிட்ட போய் காசு கேப்பீங்க?" என்று கேட்டாள். அவள் கேட்டது அமெரிக்க சுதந்திரப் போர் முடிந்த காலத்தைப் பற்றி. எனக்கு நினைவுக்கு வந்ததோ 2015 டிசம்பரும், எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாவின் தையல் மெஷினும்.

முதலில் குழந்தையின் பாடம். போர்க்காலத்தில் படைகள் விவசாயிகளின் குதிரை, மாடு, தானியத்தை எடுத்துக்கொண்டன. பிறகு பணம் கேட்கலாம் என்றால் நீதிமன்றம் போக முடியாது. மாநிலம் சம்மதிக்காமல் மாநிலத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்பது பழைய மரபு. அதனால் சட்டமன்றத்துக்கு மனு எழுதுவார்கள். ஒரு குழு அதைப் பார்க்கும். ஒப்புக்கொண்டால், இன்னாருக்கு இவ்வளவு என்று பெயர் போட்டே தனித் தீர்மானமோ சட்டமோ நிறைவேற்றுவார்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தொடரில் மறுபடியும் மனு.

இதில் ஒரு நல்லது உண்டு. ஏழை விதவைகூட நேராகச் சட்டமன்றத்துக்கே எழுதலாம். ஆனால் பணம் கொடுக்க வேண்டியவரே நீதிபதியாகவும் உட்கார்ந்திருப்பார். ராபர்ட் ஃபார்கர் என்ற தென் கரோலினா வியாபாரி போர்க்காலத்தில் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்கு கொடுத்தார். பணம் வராமலே இறந்து போனார். அவருடைய சொத்தை நிர்வகித்தவர் உச்ச நீதிமன்றம் போனார். ஜார்ஜியா மீது வழக்குப் போடலாம் என்று 1793-இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற வருபவரைத் தூக்கில் போடவேண்டும் என்று ஜார்ஜியாவின் பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவையே நிறைவேற்றியது! நல்லவேளை, அது சட்டமாகவில்லை. ஆனால் 1795-இல் அரசியலமைப்பையே திருத்தி அந்த வழியை அடைத்துவிட்டார்கள். மத்தியில் இப்படிப்பட்ட கோரிக்கைகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் வந்தது 1855-இல்தான்.

இனி நம்ம அடையாறு கதைக்கு வருகிறேன்.

2015 டிசம்பர் 1 இரவு ஆறு பொங்கி வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்களுக்கு மாடி வீடு, தப்பித்தோம். கீழ் வீட்டுக்காரரின் கார் முழுகிப்போனது. அந்த அம்மாவுக்கு ஆற்றங்கரையில் குடிசை. தையல் மெஷின், தைக்கக் கொடுத்திருந்த பிளவுஸ் துணிகள், பையனின் சான்றிதழ்கள் எல்லாம் போயின.

குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாய், வெள்ளம் புகுந்த மற்ற வீடுகளுக்கு 5,000 ரூபாய், அரிசி, வேட்டி, சேலை என்று அரசு அறிவித்தது. அந்த நேரத்தில் அது பெரிய உதவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கீழ் வீட்டுக் காரைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், கணக்குப் போட்டார், பணம் வந்தது. தையல் மெஷினுக்குக் கணக்குப் போட ஒருவரும் வரவில்லை. நானே என் கைப்பட மனு எழுதிக் கொடுத்தேன். ஓர் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தந்தார்கள். அதோடு சரி. 'தர முடியாது' என்று ஒரு வரி பதில்கூட வரவில்லை.

2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறை அறிக்கை, அந்த வெள்ளத்தை மனிதத் தவறால் வந்த பேரிடர் என்று சொன்னது. தவறே இல்லாவிட்டால் அரசு கொடுப்பது கருணை, அதன் பெயர் நிவாரணம். தவறு இருந்தால் கொடுப்பது கடன், அதன் பெயர் இழப்பீடு. தவறு உண்டா, யாருடையது, இவளுக்கு நஷ்டம் எவ்வளவு என்று விசாரிக்க ஏழைக்கு எட்டுகிற இடம் எது?

நம் சட்டம் இதில் பாதி வழியில் நிற்கிறது. 1861-இல் கல்கத்தா கிடர்பூர் கப்பல் பட்டறை ஆட்களின் அஜாக்கிரதையால் ஒரு கம்பெனியின் குதிரைக்கு அடிபட்டது. அரசு ஈடு தரவேண்டும் என்றே நீதிமன்றம் சொன்னது. ஆனால் வியாபாரம் போன்ற வேலைகளுக்குத்தான் அரசு பொறுப்பு, ஆட்சி அதிகாரத்தில் செய்வதற்கு இல்லை என்ற கோடும் அதே தீர்ப்பில் விழுந்தது. ஒரு வியாபாரியிடம் போலீஸ் பறிமுதல் செய்த தங்கத்தை ஒரு ஏட்டு சுருட்டிக்கொண்டு ஓடிய கஸ்தூரிலால் வழக்கில், அந்தக் கோட்டைக் காட்டித்தான் உச்ச நீதிமன்றம் ஈடு இல்லை என்றது. இந்த நிலை சரியில்லை, சட்டம் இயற்றுங்கள் என்றும் கூடவே சொன்னது. சட்ட ஆணையம் 1956-இலேயே தன் முதல் அறிக்கையில் இதைப் பரிந்துரைத்திருந்தது. 1960-களில் நாடாளுமன்றத்தில் மசோதா வந்தது, காலாவதியும் ஆனது. பிறகு நீதிமன்றங்களே கொஞ்சம் வழி திறந்தன. விடுதலைத் தீர்ப்புக்குப் பின்னும் 14 வருஷம் சிறையில் கிடந்த பீகாரின் ருதுல் ஷாவுக்கு, 1983-இல் உச்ச நீதிமன்றம் 30,000 ரூபாய் தரச் சொன்னது.

குடிமையியல் பாடத்தில் நான் சொல்லித்தராமல் விட்ட ஒன்றும் உண்டு. நீதிமன்றத் தீர்ப்புப்படி மாநில அரசு கட்டவேண்டிய தொகைக்குச் சட்டமன்றத்தில் வாக்கெடுப்பே கிடையாது. அரசியலமைப்பின் 202, 203-ஆம் பிரிவுகள் அப்படிச் சொல்கின்றன. தீர்ப்பு கையில் இருந்தால் யாரிடமும் கெஞ்ச வேண்டாம். அந்தத் தீர்ப்பை வாங்கத்தான் வீட்டு வேலை செய்பவரால் முடிவதில்லை.

அரசு வேலையிலிருக்கும் ஒரு மாணவனிடம் இதைச் சொன்னேன். "டீச்சர், ஒவ்வொருத்தருக்கும் கணக்குப் பார்த்தா பத்து வருஷம் ஆகும்" என்றான். நியாயம்தான். அதனால் முதல் வாரத்தில் எல்லாருக்கும் ஒரே தொகை கொடுங்கள். அதோடு கணக்கை மூடிவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். தனக்கு இன்னும் நஷ்டம் என்பவர் மனு கொடுக்கட்டும். சம்பந்தப்பட்ட துறை அல்லாத ஒருவர் விசாரிக்கட்டும். இத்தனை நாளுக்குள் காரணத்தோடு பதில் என்று சட்டத்தில் இருக்கட்டும். 'இல்லை' என்றாலும் ஏன் என்று எழுதிக் கொடுக்கட்டும்.

உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழன் சிலை இருக்கிறது. தன் மகன் மேல் வந்த வழக்கில் தானே நியாயம் சொன்ன ராஜா. அப்படி ஒருவர் எப்போதும் கிடைக்க மாட்டார் என்பதால்தான் நமக்குச் சட்டம் வேண்டும்.

அந்த அம்மா இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறார். கடன் வாங்கி வேறு மெஷின் வாங்கினார், கடனையும் அடைத்துவிட்டார். அவருடைய ஒப்புகைச் சீட்டு இன்னும் என் டைரியில்தான் இருக்கிறது.

உங்களில் வக்கீல்களும் அதிகாரிகளும் இருக்கிறீர்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் திருத்துங்கள், டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன். மற்றவர்கள் மழைக்கு முன்னால் வீட்டுச் சாமான்களைப் படமெடுத்து வையுங்கள். சான்றிதழ்களைப் பரணில் வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், அடையாறு